படகு கவிழ்ந்தால் யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீடு. புளியோதரைப் பொட்டலம் கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். குடும்பமே பிச்சாவரம் புறப்படுகிறது.

"என்னங்க, பாப்பாவுக்கு நீச்சல் தெரியாதே!" என்கிறார் அம்மா.

"படகிலே உட்கார்ந்துதானே போகப் போறோம்? நீச்சல் எதுக்கு?" என்கிறார் அப்பா.

இப்படிப் பேசாத வீடு உண்டா? நம் எல்லோர் வீட்டிலும் இதே பேச்சுதான்.

அதே அப்பா திங்கட்கிழமை சுரங்க வேலைக்குப் போகும்போது தலைக்கவசம் இல்லாமல் உள்ளே இறங்க முடியாது. காலில் கெட்டியான பூட்ஸ் இருக்கவேண்டும். 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு தொடங்கி வைத்த ஊர்ச் சுரங்கம் அது. ஆபத்து எங்கே இருக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று இந்த ஊர்க்காரருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆறு நாள் ஜாக்கிரதையாக இருந்தவர், ஏழாம் நாள் பெண்டாட்டி பிள்ளைகளுடன் தண்ணீரில் போகும்போது மட்டும் எல்லாவற்றையும் படகுக்காரரிடம் விட்டுவிடுகிறார்.

பிச்சாவரத்தைப் பயமுறுத்தும் இடமாகச் சொல்லவில்லை. சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், கிள்ளைக்குப் பக்கத்தில், சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் ஓடும் அந்த இடத்தின் அழகே தனி. எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்தை 1975-ல் பார்த்தவர்களுக்கு அந்தக் காடு நன்றாக நினைவிருக்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு விடுகிறது. பல இடங்களில் ஆழமும் அதிகமில்லை. போகலாம், பார்க்கலாம். ஆனால் எங்கே போனாலும், எந்தப் படகில் ஏறினாலும், தெரிந்துகொண்டு ஏறவேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்ல, குஜராத்தில் நடந்த ஒரு சம்பவத்தில் இருந்து தொடங்குவோம்.

20 பேர் படகில் 38 பேர்!

வடோதரா நகரின் நடுவில் சூர்சாகர் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. நகராட்சிக்குச் சொந்தமானது. அங்கே படகு விடுவதற்கு நகராட்சி ஒரு கம்பெனிக்குக் காண்டிராக்ட் கொடுத்திருந்தது.

1993-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி. படகில் ஏற்றவேண்டியது 20 பேர். ஏற்றியதோ 38 பேர். லைப் ஜாக்கெட் இல்லை. ஆபத்து வந்தால் தண்ணீரில் குதித்துக் காப்பாற்ற ஆளும் இல்லை. படகு கவிழ்ந்தது. 22 பேர் பரிதாபமாக உயிர் இழந்தார்கள்.

நடந்தது நடுக்கடலில் அல்ல. ஊருக்கு நடுவில், சுற்றிலும் வீடுகளும் கடைகளும் இருக்கும் ஏரியில்!

குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள் அழுதுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். "நாங்கள் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினோம். எங்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பது உங்கள் கடமை" என்பது அவர்கள் வாதம். நகராட்சியோ, "படகு விட்டது காண்டிராக்டர். எங்களைக் கேட்பது ஏன்?" என்ற வாதத்தை வைத்தது.

வழக்கு மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று படிப்படியாக ஏறி, சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தீர்ப்பு வந்தது. ஏரி நகராட்சியுடையது. மக்கள் உயிரைக் காக்கும் பொறுப்பும் அதனுடையது. வேலையைக் காண்டிராக்டரிடம் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கை கழுவ முடியாது. சுப்ரீம் கோர்ட்டு சொன்னதன் சாரம் இதுதான்.

விபத்து நடந்தது 1993. கடைசித் தீர்ப்பு 2014. நடுவில் 21 ஆண்டுகள்! அன்று கைக்குழந்தையாக இருந்தவர் கல்லூரியையே முடித்திருப்பார். இந்தத் தாமதத்தை எண்ணினால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் குடும்பங்கள் விடாப்பிடியாக நின்றதால்தான், இன்று எந்த ஊரில் படகு கவிழ்ந்தாலும் "காண்டிராக்டரைப் போய்க் கேள்" என்று ஒரு நிர்வாகம் சுலபமாகத் தப்பிக்க முடியாத நிலை வந்திருக்கிறது.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். அதே வடோதரா நகரம். 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ந் தேதி. இந்தமுறை ஹர்ணி ஏரி. பள்ளிக்கூடத்தில் இருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள். தாங்கக்கூடியதைவிட அதிகம் பேரை ஏற்றிய படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர் இறந்தார்கள். அங்கேயும் நகராட்சியின் ஏரி, காண்டிராக்டரின் படகு. பலருக்கு லைப் ஜாக்கெட் இல்லை.

நம் பக்கத்திலும்

தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கமுடியாத நாள் 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ். பழவேற்காடு ஏரிக்கு உறவினர்கள் ஒன்றாகச் சேர்ந்து உல்லாசமாகப் போனார்கள். ஏறியது மீன்பிடிப் படகு. அது கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரே நாளில் ஒரு சொந்தபந்தமே சிதறிப்போனது.

அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால், 2009 செப்டம்பர் 30-ந் தேதி, தேக்கடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டவரும் அதில் உண்டு. கேரளாவிலேயே தானூரில் 2023 மே 7-ந் தேதி நடந்ததும் நினைவிருக்கும். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். 22 பேருக்கான படகில் 37 பேர். பொழுது சாய்ந்தபிறகு ஓட்டினார்கள். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். புயல் இல்லை, பூகம்பம் இல்லை. பெரும்பாலும் அளவுக்கு மீறிய கூட்டம், இல்லாத லைப் ஜாக்கெட், அந்த வேலைக்கென்று கட்டப்படாத படகு. விதி என்று சொல்லி முடித்துவிடக் கூடியவை அல்ல இவை.

படகு ஏன் கவிழ்கிறது?

தலையில் குடம் வைத்து நடக்கும் பெண்ணைப் பாருங்கள். குடம் நேராக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் சாய்ந்தால் முடிந்தது. படகும் அப்படித்தான். பாரம் நடுவிலும் கீழேயும் இருக்கும்வரை நிற்கும். ஆட்கள் எழுந்து நின்றாலோ, மேல்தட்டில் கூடினாலோ பாரம் உயரப் போகிறது. "அதோ யானை!" என்று யாரோ கத்த, எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் பாரம் சாய்கிறது. தேக்கடியில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததைத்தான் முக்கிய காரணமாகச் சொன்னார்கள். இப்போது யானைக்குப் பதில் செல்போன்! படம் எடுக்க ஒருவர் எழுந்தால் நாலு பேர் எழுகிறார்கள்.

கவிழ்ந்தால்தான் விபத்து என்றும் எண்ணவேண்டாம். படகுக்கும் படித்துறைக்கும் நடுவில் விரல் நசுங்குகிறது. பாசி பிடித்த படியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிகிறது. மோட்டார் படகின் பின்னால் சுழலும் இலை காலைக் கிழிக்கிறது. இவற்றுக்கும் நஷ்டஈடு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஏறுவதற்கு முன் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். எழுதியிருந்தால் படியுங்கள். லைப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. போட்டு, எல்லா வாரையும் மாட்டவேண்டும். பிள்ளைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட் கூடவே கூடாது. தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் பிள்ளையின் காதுவரை ஏறினால், தண்ணீரில் பிள்ளை கீழே போகும், ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும். சின்னது கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். சேலை கட்டியவர்கள் ஜாக்கெட்டை முந்தானைக்கு மேலே போட்டு, கால்பக்கத்துச் சேலையைச் சற்று ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரில் சேலை காலைச் சுற்றிக்கொள்ளும்.

இருந்தும் கவிழ்ந்துவிட்டால்? கவிழ்ந்த படகு பல சமயம் உடனே மூழ்காது. அதைப் பிடித்துக்கொண்டு மிதப்பதே மேல். கரை கிட்டே இருப்பதுபோலத் தெரிந்தாலும் நீந்திப் போய்விடலாம் என்று கிளம்பவேண்டாம்.

கரைக்குக் கொண்டுவந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் சிலர் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுப்பார்கள். இது தவறு. அந்த நேரத்தில் வேண்டியது காற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதவேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை மாறிமாறிச் செய்யவேண்டும். ஆம்புலன்சுக்கு 108. மூச்சு திரும்பிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டலாம்.

இரண்டு வழக்குகள்

இனி சட்டத்துக்கு வருவோம்.

பஸ் மோதி அடிபட்டால் என்ன செய்வது என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக்கு என்றே தனி கோர்ட்டு இருக்கிறது. சுரங்கத்தில் அடிபட்டாலும் தொழிலாளிக்கு என்று சட்டம் இருக்கிறது. படகு விபத்துக்கு அப்படித் தனி கோர்ட்டு இல்லை. அதனால்தான் பலர் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

முதலில், வழக்கு இரண்டு வகை. தவறு செய்தவரைத் தண்டிப்பது ஒன்று. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வாங்கித் தருவது மற்றொன்று. ஒன்று நடந்தால் மற்றது தானாக நடந்துவிடாது.

தண்டனைக்கு போலீசாரிடம் போகவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. அதில் 284-வது பிரிவு நம் விஷயத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. கூலிக்கு ஆள் ஏற்றும் படகு ஆபத்தான நிலையில் இருந்தாலோ, பாரம் மிகுந்திருந்தாலோ அதுவே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படகு கவிழ்ந்திருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை!

விபத்து வேறு ஊரில் நடந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாங்கமாட்டேன் என்று சொல்லக்கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும்.

பணத்துக்கு எங்கே?

டிக்கெட் வாங்கிப் படகில் ஏறியவர் சட்டத்தின் கண்ணில் ஒரு நுகர்வோர். அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய சட்டத்தைவிட இரண்டு விதத்தில் நமக்கு வசதி.

ஒன்று, விபத்து நடந்த ஊருக்கு அலையவேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தேக்கடியில் அடிபட்ட நெய்வேலிக்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும்.

மற்றொன்று கட்டணம். நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டுத் தொகையைப் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை. நீங்கள் கொடுத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. படகு டிக்கெட் சில நூறு ரூபாய்தான். ஆகவே எத்தனை லட்சம் கேட்டாலும் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வைக்காமல் நீங்களே பேசவும் செய்யலாம்.

ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். "போலீஸ் வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால் இந்தக் கெடு நமக்காகக் காத்திராது.

ஏரியில் மீன்பிடிக்கும் நண்பர் "வாங்க, ஒரு சுற்றுப் போய்வரலாம்" என்று காசு வாங்காமல் கூட்டிப்போய்ப் படகு கவிழ்ந்தால், நுகர்வோர் வழக்குப் போட முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். குடும்பத்தலைவர் இறந்தால் 1855-ம் ஆண்டின் சட்டம் ஒன்று இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதன்படி மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கும் இரண்டு ஆண்டுதான் கெடு.

தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள்? மோட்டார் விபத்து வழக்குகளில் ஒரு முறை இருக்கிறது. பிற விபத்துகளிலும் அதை வழிகாட்டியாக வைப்பதுண்டு. 35 வயதுக்காரர், மாதம் 20 ஆயிரம் சம்பாதித்தவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1 லட்சத்து 60 ஆயிரம். அந்த வயதுக்கு உரிய பெருக்கும் எண் 16. பெருக்கினால் 25 லட்சத்து 60 ஆயிரம். இதோடு எதிர்காலச் சம்பள உயர்வு, ஈமச்செலவு ஆகியவை சேரும். அரசாங்கம் உடனடியாகக் கொடுக்கும் நிவாரண நிதி வேறு. அதை வாங்கியதால் நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் படகுக்காரர் கொஞ்சம் பணம் நீட்டி, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போடவேண்டாம். துக்க வீட்டில் இதுதான் முதலில் நடக்கிறது.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் விபத்து நடந்தால்? இமயமலைப் பக்கத்தில் இருந்து ஒரு வழக்கு இருக்கிறது. 1995 மே 28-ந் தேதி சுற்றுலா போன மாணவர்கள் 14 பேர் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் நஷ்டஈடு கொடுக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. பிள்ளையைக் கூட்டிப்போன பள்ளிக்கூடம் "ஆசிரியர் கவனிக்கவில்லை" என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

"ஆபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று படித்துறையில் போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போர்டைக் காட்டி மட்டும் கவனக்குறைவில் இருந்து விடுபட முடியாது. அதைப் பார்த்துப் பின்வாங்கவேண்டாம்.

மோட்டார் படகுகளுக்கு 2021-ம் ஆண்டில் புதிய உள்நாட்டுப் படகுச் சட்டம் வந்திருக்கிறது. 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. அதன்படி பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். ஆகவே விபத்து நடந்தால் படகின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். டிக்கெட் நனைந்திருந்தாலும் உலர்த்தி வையுங்கள். கூட இருந்தவர்களின் பெயர், போன் நம்பர் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே "படகு விபத்து" என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

உங்கள் பாங்கி பாஸ் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டமாக இருக்கலாம். விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம் ரூபாய். பலர் பிடித்தம் தெரியாமலே இருந்து, பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே!

இந்தக் கவலைக்கு 1987-ம் ஆண்டின் இலவசச் சட்ட உதவிச் சட்டம் இருக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே வக்கீல் கொடுப்பார்கள். ஆலைத் தொழிலாளியும் இந்தப் பட்டியலில் இருக்கிறார். நெய்வேலியில் பாதிப் பேர் இதற்குள் வந்துவிடுவார்கள்!

சில இடங்களில் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஆள் வந்து, "நஷ்டஈடு வாங்கித் தருகிறோம். வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று பேசுவதுண்டு. அமெரிக்காவில் அப்படி ஒப்பந்தம் போடலாம். இந்தியாவில் வக்கீல் தொழில் விதிப்படி அது கூடாது. கட்சிக்காரரைத் தேடிப்போய் வழக்குப் பிடிப்பதும் கூடாது. அப்படி வருகிறவரிடம் காகிதங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்ட உதவிக்குப் போனில் 15100. நுகர்வோர் விஷயத்துக்கு 1915. நேரில் போவதானால் கடலூர் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா கோர்ட்டுகளிலும் இதற்குக் குழு உண்டு. முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, படகு டிக்கெட் மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.